வீடும் விடுதியும்

(நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விருந்தோம்பல் என்னும் பொருள்பற்றி இத்திங்கட் கூட்டத்தில் பேச வேண்டுமென்று காரியதரிசி அவர்கள் எமக்கு எழுதியிருந்தார்கள். யாமும் இசைந்து, நூல்களை எடுத்து வைத்துக்கொண்டு குறிப்பெழுதத் தொடங்கினோம். அவ்வமயத்தில் எம் பங்காளிகள் எம்மை வேறொரு காரியத்திற்கு ஏவினர். அதன்பொருட்டு யாமே இரண்டிரவு ஓரிடத்தில் விருந்தினராய்த் தங்க நேர்ந்தது. ஏட்டிலிருந்து எடுத்த குறிப்பைவிடக் கண்ணாற் கண்டதே இவ்வவைக்குப் பயன்படுமென்று தோன்றியமையின், அதனையே இன்று சொல்லத் துணிந்தோம். காரியதரிசி அவர்கள் பொறுத்தருள்வார்களாக.

காரியம் இதுதான். எம் முன்னோர் கட்டிய வீடு ஒன்று ஊரில் உளது. இன்று அதற்குப் பத்தொன்பது புள்ளி பங்குடையர். அவருள் ஊரில் இருப்பவர் ஒருவருமிலர். எம் சின்ன அப்பத்தா ஒருவரே, எண்பத்தாறு வயதில், துணைக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு இரண்டாங்கட்டில் வாழ்ந்து வருகின்றார். ஓடு மாற்றி ஆறாண்டு ஆயிற்று. சென்ற ஐப்பசி மழையில் மேலைப் பத்தியின் கூரை ஓரிடத்தில் உள்வாங்கிவிட்டது. தைத் திங்களில் இருவர் வந்தனர். முன்னவர் பழஞ்சாமான் வணிகர். அவர் வீட்டைப் பார்த்தாரில்லை. தூண்களை எண்ணினார், நிலையின் கனத்தைக் கையால் அளந்தார், ஒரு தொகை சொன்னார். பின்னவர் விடுதி நடத்தும் கம்பெனியைச் சேர்ந்தவர். அவர் அறைகளை அளந்து, முப்பதாண்டுக் குத்தகைக்குக் கேட்டார். ஆனால், வீடு ஆளில்லாமல் ஒழித்துத் தரப்படவேண்டும் என்றார். அப்பத்தா அப்பொழுது அடுப்படி வாயிலில் நின்றுகொண்டிருந்தார்.

பங்காளிகள் கூடிப் பேசியும் முடிவு காணவில்லை. "நீ வாத்தியார், கோடை விடுமுறையும் இருக்கிறது, அப்படி விடுதியான வீடொன்றில் தங்கிப் பார்த்துவந்து சொல்" என்று பொதுப் பணத்திலிருந்து செலவு கொடுத்து எம்மை அனுப்பினர். கானாடுகாத்தான், காரைக்குடி, கோத்தமங்கலம், கடியாபட்டி முதலிய ஊர்களில் இங்ஙனம் விடுதியான நம் வீடுகள் பல உளவென்பதை அறிவீர்கள். அவற்றுள் யாம் தங்கியது இன்னதென்று சொல்லப்போவதில்லை. நிறையும் குறையும் ஒருங்கே சொல்ல வேண்டியிருத்தலின் பெயரை மறைத்தலே முறை.

தமிழாசிரியன் சொல்லாராய்ச்சியின்றி மேடையிறங்கினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆகலின் ஒரு சிறிது. வீடு, விடுதி என்னும் இரண்டும் விடு என்னும் ஒரே பகுதியிற் பிறந்தவை. தொழிலை விட்டு வந்து தங்குமிடம் வீடு. வழிநடையை விட்டு இளைப்பாறுமிடம் விடுதி. விருந்து என்பதோ பண்டு புதுமைக்குப் பெயர். அது பின்னர்ப் புதிதாய் வந்த ஆளுக்கும், அதன்பின் அவ்வாளுக்கு இடும் உணவுக்கும் ஆயிற்று. உறவினர்க்கு உணவிடுதல் விருந்தன்று. திருக்குறளில் விருந்தோம்பல் ஓர் அதிகாரம், சுற்றந்தழால் வேறோர் அதிகாரம். காசியிலும் இராமேசுவரத்திலும் பழனியிலும் நகரத்தார் சத்திரமும் விடுதியும் கண்டது வழிப்போக்கரை மனத்துட்கொண்டே. ஆயினும் நம் வீடுகளோ சுற்றத்திற்கென்று கட்டப்பட்டவை. புதியோர்க்கென்று கட்டப்பட்டவை அல்ல. இதனை நினைவில் வைத்தாலன்றி, யாம் கண்ட விடுதியின் இயல்பு விளங்காது.

அவ்வீடுகளின் அமைப்பை உங்களுக்கு விரிக்க வேண்டுவதில்லை. எனினும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் பிறந்த நம் பிள்ளைகள் இப்பேச்சை அச்சிற் படிக்கக்கூடும். அவர்பொருட்டுச் சில சொல்லுவோம். முகப்பு ஒரு தெருவில் இருக்கும். பின்வாயில் அடுத்த தெருவில் இருக்கும். திண்ணையும் பட்டாலையும் ஆடவர் அமர்ந்து கணக்குப் பார்க்குமிடம். அதனையடுத்து வளவு. நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண்வரிசை, தூண்வரிசைக்குப் பின்னே வரிசையாக அறைகள். மணமான மகன் ஒவ்வொருவனுக்கும் ஓர் அறை. அவ்வறை படுக்கைக்கென்று அமைந்ததன்று. அவன் மனைவி கொணர்ந்த சீர்சாமானை வைத்துப் பூட்டுதற்கே பெரும்பாலும் பயன்பட்டது. மக்கள் வாழ்ந்ததும் உறங்கியதும் பத்தியில், வெளியில். அதற்கப்பால் பந்தி நடக்கும் இரண்டாங்கட்டும், அடுப்படியும், கிணறும், தோட்டமும். பர்மாத் தேக்கும், இத்தாலியச் சலவைக்கல்லும், பெல்ஜியம் நிலைக்கண்ணாடியும், ஆங்கில நாட்டு இரும்புத் தூணும் கப்பலேறி வந்தன. சுவருக்குப் பூசிய சாந்தோ உள்ளூர்க் கைத்திறம். சுண்ணாம்பும் மணலும் கடுக்காய்நீரும் கருப்பட்டியும் முட்டையின் வெண்கருவும் சேர்த்து அரைத்துத் தேய்த்தது; இன்றும் கைவைத்தால் குளிர்கின்றது.

இவை பெரும்பாலும் 1850-க்கும் 1940-க்கும் இடைப்பட்ட காலத்தில் எழுந்தவை. பணம் எங்கிருந்து வந்தது என்பதைப் பெருமையோடு சொல்லப் பழகிய நாம், முழுவதும் சொல்லப் பழகவில்லை. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பர்மாவின் நெல்லுக்கு ஐரோப்பாவில் தேவை மிகுந்தது. காட்டைத் திருத்திப் பயிரிட்ட பர்மியக் குடியானவனுக்கு நம்மவர் கடன் கொடுத்தனர். 1930-ஐ ஒட்டி நெல்விலை வீழ்ந்தபோது கடன் திரும்பவில்லை. அடமானநிலம் நம்மவர் கைக்கு வந்தது. முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்காயிருந்த நம்மவர் நிலவுடைமை, 1938-இல் 25 பங்காயிற்று. நிலத்தை விரும்பி வாங்கியவரல்லர் என்று நம் பெரியோர் கூறுவர், அது மெய்யே. நிலமிழந்தவனுக்கு அவ்வேறுபாடு பெரிதாய்த் தோன்றியிராது என்பதும் மெய்யே. 1942-இல் சப்பானியப் படை வந்தது. எம் ஐயாவின் அப்பச்சி இரங்கூனிலிருந்து கால்நடையாகத் திரும்பியவருள் ஒருவர். போர் முடிந்தபின் 1948-இல் பர்மிய அரசு நிலத்தைப் பொதுவுடைமையாக்கும் சட்டம் செய்தது. அன்று முதல் வரவு நின்றது. வீடு மட்டும் நின்றது.

இனி யாம் தங்கிய விடுதிக்கு வருவோம்.

செட்டிநாடு இரயில் நிலையத்தில் இறங்கி, மோட்டாரில் சென்று, பொழுதுசாயும் வேளையில் அவ்வீட்டை அடைந்தோம். எம்மிடம் பத்தாம் வகுப்பில் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் அங்கே, வந்தவர்க்கு வீட்டைச் சுற்றிக்காட்டும் பணியில் உள்ளார் என்பது அன்றுதான் தெரிந்தது. "வாங்க ஐயா" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார். திண்ணையில் உட்காரவைத்துப் பானகம் கொடுத்தனர். எமக்கென்று ஒதுக்கியது வளவின் தென்பத்தி அறை. அடுத்தடுத்த ஈரறைகளின் இடைச்சுவரில் வாயில் வெட்டி, ஒன்றைப் படுக்கையறையாகவும் மற்றொன்றைக் குளியலறையாகவும் ஆக்கியிருந்தனர். சீர்சாமான் இருந்த அறையில் இன்று வெந்நீர்க் குழாய் இருக்கின்றது. நிலையும் கதவும் பழையன, பூட்டும் பழையதே. அதன் சாவி எம் உள்ளங்கையிலும் நீளமாயிருந்தது.

இரவில் உறக்கம் வரவில்லை. காரணம் யாது என்று நெடுநேரம் தெரியவில்லை. பிறகு தெரிந்தது, அமைதிதான் காரணம். எம் சிறுபருவத்தில் படைப்புக்கும் கலியாணத்துக்கும் எம் வீட்டிற் கூடிய கூட்டத்தில் யாம் கண்ட வளவு வேறு. ஒருபுறம் பாத்திரம் எண்ணும் ஓசை, ஒருபுறம் பிள்ளைகள் தூணுக்குத் தூண் ஓடித் தொட்டு விளையாடும் ஆரவாரம், பட்டாலையில் பெரியோர் வாதம், நள்ளிரவிலும் யாரோ ஒருவர் யாரையோ பெயர் சொல்லி அழைக்கும் குரல். இங்கோ பன்னிரண்டு பேர் தங்கியிருந்தும் ஒரு செருமலும் கேட்கவில்லை. காலையில் வாயிலண்டையில் வைத்திருந்த வருகைப் புத்தகத்தைப் புரட்டினோம். ஐரோப்பியர் பலர் எழுதியிருந்தனர். உணவைச் சிலர் புகழ்ந்திருந்தனர். தூணைச் சிலர் புகழ்ந்திருந்தனர். அமைதியைப் புகழாதவர் அரியர். சுற்றத்தின் ஆரவாரத்திற்கென்று கட்டிய வீட்டில் இன்று விலைபோவது அமைதியாயிற்று. மக்கள் நீங்கியதனால் வந்த அமைதி அது என்று எழுதியவர்க்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எமக்குத் தெரிந்திருந்தமையால் அன்று காலை எம் மனம் இத்திட்டத்துக்கு முற்றும் மாறாகவே இருந்தது.

அம்மாறுபாட்டை வளர்க்கும் காட்சிகளும் இல்லாமற் போகவில்லை. வெளிப்பத்தியில் ஈரம் ஏறிய சுவருக்குச் சிமெண்டு பூசியிருந்தனர். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளிவிடும் இயல்பினது. சிமெண்டோ ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். ஆகவே பூச்சுக்கு மேலும் கீழும் உப்புப் பூத்துப் பழைய சாந்து உதிர்ந்துகொண்டிருந்தது. கூடத்தில் மேசைமீது அழகியதோர் ஓலைப்பேழை. அதில் செய்தித்தாள்களைச் சுருட்டி வைத்திருந்தனர். முன்னோர்க்குப் படைத்த சேலையும் வேட்டியும் வைக்கும் படைப்புப் பேழை அஃது என்பது பார்த்தவளவில் தெரிந்தது. மாணவரை அழைத்துக் கேட்டோம். "இந்த வீட்டுப் பேழை இல்லை, ஐயா. காரைக்குடிக் கடையில் வாங்கியது. எந்த வீடு என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை" என்றார். சிறிது நேரங்கழித்துப் பார்த்தபோது செய்தித்தாள்கள் அதில் இல்லை.

உணவைப்பற்றிக் குறைசொல்ல ஒன்றுமில்லை. வெள்ளைப் பணியாரமும், கவுனியரிசியும், வெண்டைக்காய் மண்டியும் எம் ஆத்தா கைப்பக்குவத்தை நினைவூட்டின. மிளகாயை அள்ளிக்கொட்டியதற்கெல்லாம் நம் நாட்டின் பெயரைச் சூட்டிப் பெருவழிதோறும் பலகை தொங்கவிடும் கடைகளைக் கண்டு நொந்த எமக்கு, இஃது ஆறுதலாயிருந்தது. சமைத்தவர் அவ்வூர்ப் பெண்டிர். எம் மாணவரும் அவ்வூரினரே. "எங்கள் அப்பத்தா இந்த வீட்டில் நெல் குற்றியவர், ஐயா. பின்வாசலோடு வந்து பின்வாசலோடு போவார். நான் முகப்பில் நின்று, வருகிறவர்களை உள்ளே அழைத்துப் போகிறேன்" என்றார். இதனை அவர் பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. சுற்றிக்காட்டும்போது தேக்கையும் சலவைக்கல்லையும் பற்றி விரிவாகப் பேசினார். பர்மிய நிலத்தைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. பிறகு தனியே யாம் அதனைச் சொன்னபோது, தம் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

இரண்டாம் இரவு கோடைமழை பிடித்தது. இடியும் காற்றுமாய் நல்ல மழை. யாம் வழக்கம்போல் எழுந்து, எங்கே ஒழுகுகின்றது, எங்கே அண்டா வைக்கவேண்டும் என்று பத்தியைச் சுற்றிவந்தோம். எங்கும் ஒழுகவில்லை. நாற்புறக் கூரையின் நீரும் முற்றத்தில் திரண்டு விழுந்து, வடிகால்வழியே கிணற்றங்கரைக்கு ஓடிற்று. கட்டினவர் கருதியபடியே அவ்வீடு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஆண்டுதோறும் ஓடு மாற்றுகின்றனர் என்று மறுநாள் அறிந்தோம். முப்பதுக்குக் குறையாத ஊரார் அவ்வீட்டாற் பிழைக்கின்றனர். ஓடு மாற்றும் தொழிலாளர் அக்கணக்கில் சேரார். அந்நள்ளிரவில், ஒழுகாத வளவில் நின்றுகொண்டு, அதே மழையில் எம் வீட்டு மேலைப் பத்தி என்னாயிற்றோ, அப்பத்தா யாது செய்கின்றாரோ என்று நினைத்தோம். காலையில் கொண்ட முடிவு அப்பொழுது நிற்கவில்லை.

இத்தகைய மாற்றம் நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. உதயப்பூர் ஏரியின் நடுவே அரசர் கட்டிய ஜக் நிவாஸ் மாளிகை 1963-இல் விடுதியாயிற்று. 1971-இல் மன்னர்களின் மானியம் நின்றபின், இராசபுதனத்துக் கோட்டைகளும் மாளிகைகளும் பல அவ்வழியே சென்றன. ஆனால் அங்கே மன்னர் ஒருவர் கையெழுத்திட்டால் காரியம் முடிந்தது. இங்கே பத்தொன்பது புள்ளி. எமக்கு அதனினும் பொருந்தியதாய்ப் படுவது ஸ்பெயின் தேசத்துச் செய்தி. சந்தியாகோ என்னும் கிறிஸ்தவத் திருத்தலத்தில், நடந்து வரும் யாத்திரிகர்க்கென்று பெர்டினாந்து, இசபெல்லா என்னும் அரச தம்பதியர் ஒரு மருத்துவச்சாலையை நிறுவினர். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது கட்டப்பெற்றது. அதனை அந்நாட்டார் 1954-இல் உயர்ந்த விடுதியாக்கினர். ஆக்கியபோதும், நாள்தோறும் முதலில் வரும் பத்து யாத்திரிகர்க்கு விலையின்றி உணவிடும் வழக்கத்தை வைத்துக்கொண்டனர். பழநிக்குக் காவடியெடுத்து நடக்கும் நமக்கு இதன் அருமை தெரியும். கட்டிடத்தை மாற்றும்போதும், அது எதற்கென்று எழுந்ததோ அதில் ஒரு துளியைப் பிரித்துக் காக்கலாம் என்பதையே அங்கிருந்து யாம் எடுத்துக்கொண்டோம்.

விடுதி வேண்டாமெனின் எஞ்சுவது யாது? பூட்டிய கதவு, அல்லது முன்னர்ச் சொன்ன வணிகர். காரைக்குடியில் முனீசுவரன் கோவில் தெருவிற்கு ஒருமுறை சென்று வாருங்கள். பிரித்த வீடுகளின் நிலை, தூண், கண்ணாடி, பித்தளைப் பாத்திரம், எனாமல் அடுக்கு, சாமி படம் யாவும் அடுக்கியிருக்கும். வணிகரைக் குறைசொல்வதிற் பயனில்லை, விற்றவர் நாம். 2014-இல் நம் ஊர்த்தொகுதிகளை உலக மரபுச் சின்னங்களுக்கான முன்பட்டியலில் இந்திய அரசு சேர்த்தது. பட்டியலில் பெயர் ஏறியதனால் ஓடு மாறிவிடாது.

"நம் ஐயா இருந்த அறையில் ஊர்பேர் தெரியாதவர்கள் படுப்பதா, அண்ணே?" என்று இளைய பங்காளி ஒருவர் கேட்டார். அவர்க்கு யாம் சொன்ன விடை, நம் ஐயாக்கள் படுத்தது எங்கே என்பதே. இரங்கூன் மொகல் தெருவிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கிட்டங்கியில், பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையில் பாய்விரித்து மூன்றாண்டுக் கணக்கு முடியும்வரை கிடந்தவர் அவர். வளவில் அவர் உறங்கிய இரவுகளை எண்ணினால் மிகச் சிலவே. அவ்விளைஞர் முழுதும் இசைந்தாரென்று சொல்லமாட்டோம்.

ஆகவே பங்காளிகட்கு யாம் எழுதிக்கொடுத்த கருத்து இது. விற்பனை கூடாது, குத்தகையே. முப்பதாண்டு ஒரு தலைமுறையாகும். அவ்வளவு காலம் விட்டால் மீட்கும் நினைவே நம் பிள்ளைகட்கு இராது. ஆதலின் பதினைந்தாண்டு போதும். தூண், நிலை, கதவு ஒன்றும் இடம்பெயரலாகாது. பழுது பார்ப்பது சுண்ணாம்புக் கொத்தரைக்கொண்டே. சாமியறையும் பேழையும் குத்தகையிற் சேரா; சாவி பங்காளிகளிடம் இருக்கும். படைப்பு நாளை ஒட்டி மூன்று நாள் வளவும் இரண்டாங்கட்டும் நமக்கு ஒழித்துத் தரப்படவேண்டும். கம்பெனியார் ஆளில்லாத வீடு கேட்டனர்; யாம் அதனை மாற்றி, அப்பத்தா உள்ளவரை இரண்டாங்கட்டின் கீழைப்பகுதி அவர்க்கே என்று எழுதினோம். இஃது ஒன்றில் மட்டும் பேரத்திற்கு இடமில்லை. வீட்டின் வரலாற்றைப் பங்காளிகளே எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் பர்மாவும் இருக்க வேண்டும்.

சட்டத்தைப்பற்றி ஒன்று. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே தீரவேண்டும். வெள்ளைத்தாளில் எழுதியது செல்லாது. ஆண்மக்கள் கையெழுத்திட்டால் போதுமென்று நம் குடும்பங்கள் பலவற்றுள் இன்றும் எண்ணுகின்றனர். 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டமும், 2005-இல் இந்திய அரசின் திருத்தமும் பெண்மக்களுக்குப் பரம்பரைச் சொத்தில் உரிமை வழங்கின. படைப்பில் பங்கில்லை என்பது நம் வழக்கம். சொத்தில் பங்கில்லை என்பது இன்று சட்டமன்று. எம் ஆச்சிமார் நால்வர்க்கும் யாம் கடிதம் எழுதினோம். மூவர் இசைந்து விடையெழுதினர். மூத்த ஆச்சி, "இத்தனை நாள் கேட்காதவர்கள் இப்போது கையெழுத்துக்குக் கேட்கிறீர்கள்" என்று எழுதினார்கள். அதற்கு என்ன மறுமொழி எழுதுவதென்று இன்னும் எமக்குத் தெரியவில்லை. நேரிற் சென்று பார்ப்பதாக இருக்கின்றோம்.

விடுதியிலிருந்து திரும்பிய அன்றே ஊருக்குச் சென்று அப்பத்தாவிடம் எல்லாம் சொன்னோம். கட்டிலையும் வெந்நீர்க் குழாயையும் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "மழைக்கு அந்த வீடு ஒழுகியதா?" என்று கேட்டார். இல்லை என்றோம். "வருகிறவர்களுக்குச் சாப்பாடு யார் போடுகிறார்கள்?" என்றார். ஊர்ப் பெண்கள் என்றோம். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, மேலைப் பத்தியில் அன்றிரவு மழைக்கு வைத்த அண்டாக்களை எடுத்துக் கவிழ்க்குமாறு எம்மைப் பணித்தார். ஏழு இருந்தன.

வருகின்ற ஆனித் திங்கள் படைப்புக்குப் பங்காளிகள் யாவரும் ஊருக்கு வருகின்றனர். அதன் மறுநாள் வளவிலேயே கூடி முடிவு செய்வதென்று எழுதியிருக்கின்றோம். குத்தகைப் பத்திரத்தின் வரைவு எம்மிடம் உளது. இங்குள்ளாருள் தம் வீட்டை இவ்வாறு விட்டவரும், விட்டு மீட்டவரும் இருத்தல் கூடும். அவர் தம் பத்திரத்தை எமக்கு ஒருமுறை காட்டுவாராயின் பெரிதும் நன்றியுடையோம். கூட்டம் கலைந்தபின் யாம் வாயிலண்டையில் நின்றிருப்போம்.